முன்னால் நடப்பவர் யார்

யானைக்கோ காட்டெருமைக்கோ துப்பாக்கி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், அந்த அம்மாள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். என்ன மிருகம், எந்தக் காடு, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகு.

"உங்களுக்கு முன்னால் நடப்பவர் யார்?"

வந்தவர் விழிப்பார். பச்சைக் கம்பளிக் கோட்டும் இறகு செருகிய தொப்பியுமாகப் பெரிய மனிதர்கள் வருவார்கள். ஆலை முதலாளி, மருத்துவர், வக்கீல். ஆப்பிரிக்காவுக்கு டிக்கெட் எடுத்த கையோடு நேராகக் கடைக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கு இவர் பொறுமையாக விளக்குவார்.

"அந்தக் காட்டில் தடம் பார்த்துக்கொண்டு ஒருவர் உங்களுக்கு முன்னால் நடப்பார் இல்லையா? நீங்கள் சரியாகச் சுடாவிட்டால் மிருகம் முதலில் அவரிடம்தான் வரும். அவர் பெயரைக் கேட்டேன்."

இன்னும் போகவே இல்லையே, எப்படித் தெரியும் என்பார்கள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் அவருடைய ஆர்டர் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது புரட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாகக் கோடுகள்தான்.

அறுபதுகளின் பின்பாதி. தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் நான் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆனைமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். சனிக்கிழமைகளில் இந்தத் துப்பாக்கிக் கடையில் வேலை. கென்யாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுத வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வராது. மற்ற நேரத்தில் துடைப்பது, எண்ணெய் போடுவது.

எல்லோரும் அவரை 'ஷெஃபின்' என்றுதான் அழைத்தார்கள். முதலாளியம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே. அவர் என்னை 'இன்ஜினியர் ஐயா' என்பார். முதலில் மரியாதை என்று நினைத்தேன். ஒரு நாள் நான் தரையைத் துடைத்துவிட்டு வாளியைத் தட்டிக் கவிழ்த்தபோது, "இன்ஜினியர் ஐயா அணை கட்டும் பாடத்துக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது" என்றார். அப்போதுதான் புரிந்தது.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். இடது காது கேட்காது, அதனால் நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கமே நிற்பேன். கடைக்குள் கம்பளிச் செருப்பு. சாம்பல் நிற ஏப்ரனில் இரண்டு பெரிய பைகள். சுருட்டுப் பெட்டி ஒன்றில் நீளவாக்கில் இரண்டாக அறுத்த குண்டுகள் வைத்திருப்பார். எதற்கு எந்தக் குண்டு என்று பேச்சு வந்தால் பெட்டியைத் திறப்பார். "இது முனை மெத்தென்ற குண்டு. மானுக்குப் போதும். எருமையின் தோள் எலும்பில் பட்டால் தோசைமாதிரி பரந்துவிடும்." தோசை என்ற சொல் நான் கொடுத்தது. அவர் சொன்னது வேறு ஏதோ பலகாரம். "இது முழு உறை போட்டது. எலும்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். நேராகப் போவது குண்டின் வேலை. நேராக அனுப்புவது உங்கள் வேலை."

அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், கேட்டதைவிடச் சிறியதைத்தான் விற்பார். குண்டின் அளவுதான் துப்பாக்கிக்குப் பெயர்; கடையில் இருந்ததிலேயே பெரியது 'நானூற்று ஐம்பத்தெட்டு'. அதன் தோட்டா என் சுட்டுவிரல் நீளம், விரலைவிடப் பருமன். ஆப்பிரிக்கா போகிற எல்லோருக்கும் அதுதான் வேண்டும். இவர் அதற்கு இரண்டு படி கீழே உள்ள 'ஒன்பது புள்ளி மூன்றை' எடுத்து மேஜைமேல் வைப்பார். "பெரியது ஒருமுறை உதைத்தால் உங்கள் தோள் அதை மறக்காது. அடுத்தமுறை விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு சுடும் பெரிய தோட்டாவைவிட, கண்ணைத் திறந்துகொண்டு சுடும் சிறிய தோட்டா ஆழமாகப் போகும்" என்பார். என் கண் மூடாது என்று அவர்கள் சொல்வார்கள். "நல்லது, பார்த்துவிடலாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் சுட்டுப் பார்க்கும் இடம். அங்கே அவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டாவாக அவரே போட்டுத் துப்பாக்கியைக் கொடுப்பார். முதல் இரண்டும் வலப் பையிலிருந்து வரும். மூன்றாவதோ நான்காவதோ இடப் பையிலிருந்து வரும். இடப் பையில் இருப்பவை மருந்தில்லாத தோட்டாக்கள். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். சுடுபவருக்குத் தெரியாது. விசையை அழுத்துவார், 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். வெடிக்காத அந்த நொடியில்தான் மனிதர் தெரிவார். பயந்தவராக இருந்தால் வராத உதைக்கு முன்கூட்டியே தோளை முறுக்கி, கண்ணை இறுக்கி, குழல் முனையைத் தாழ்த்திவிடுவார். ஷெஃபின் இலக்கைப் பார்க்கவே மாட்டார். ஓரமாக நின்று இமையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல் மருத்துவர் ஒருவர் வந்தார். நல்ல ஆஜானுபாகு. இடப் பைத் தோட்டாவில் குழல் தண்ணீருக்குள் மூழ்கும் வாத்துபோலக் குனிந்தது. அவரே அசந்துபோய் நின்றார்.

"வெட்கப்பட ஒன்றுமில்லை டாக்டர்," என்றார் ஷெஃபின். "உங்களிடம் வருகிறவர்கள் ஊசி போடுவதற்கு முன்பே கத்துவதில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். ஒன்பது புள்ளி மூன்றை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அதில் ஒரு பெயர் மட்டும் எழுதியிருந்தது, வேறொன்றுமில்லை. ஷெஃபின் புத்தகத்தை எடுத்து, அந்தக் கோட்டை ரப்பரால் அழித்து, பெயரை எழுதினார். அன்று முழுக்க வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

ஏன் அந்தக் கேள்வி என்று நான் ஒரே ஒருமுறை கேட்டேன். ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். "என் அப்பா ஒரு பிரபுவின் காட்டில் முன்னால் நடக்கிறவர். பன்றி வேட்டைக்கு" என்றார். தோல் அறுபடாமல் முழுதும் இறங்கி முடிந்தது. "ஒரு நாள் முன்னால் நடந்து போனார்" என்றார். ஆப்பிளை நறுக்கி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

எனக்கும் முன்னால் ஒருவர் நடந்திருக்கிறார். அதை அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்கு மூன்று மைல் காட்டுவழி நடக்க வேண்டும், யானை நடமாட்டம் உண்டு. அப்பா பயந்து நிறுத்தப் பார்த்தார். சடையன் என்று காடர் பழங்குடியில் ஒருவர், எஸ்டேட்டில் தடம் பார்க்கும் வேலை, "நான் அப்படித்தான போறேன், பையன் பின்னால வரட்டும்" என்றார். ஆறு வருஷம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனேன். நடக்கும்போது பேசவே மாட்டார். கையைப் பின்னால் காட்டினால் நில் என்று அர்த்தம்.

நான் துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பதை அப்பாவுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். அதைப் படித்துக் காட்டிய எஸ்டேட் கிளார்க், முதலாளி காதில் போட்டிருக்கிறார். அந்த வருஷம் முதலாளி ஏதோ இயந்திரம் வாங்க ஜெர்மனி வந்தவர், ஒரு சனிக்கிழமை காலை கடைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

நான் முக்காலியில் உட்கார்ந்து ஒரு துப்பாக்கியின் விசைப்பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும் முன்பே என் கால்கள் எழுந்துவிட்டன. கையிலிருந்த எண்ணெய்த் துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஏன்டா, இங்கதான் இருக்கறயாமா? ஆளே மாறிப்போயிட்ட," என்றார். "உங்கப்பன் நல்லா இருக்கறான். நம்ம லயத்துலதான்."

"சரிங்க முதலாளி."

"அந்தம்மாகிட்டச் சொல்லு. காட்டெருமைக்கு. இருக்கறதுலயே பெருசு வேணும். லைசென்ஸ், இம்போர்ட் பேப்பர் எல்லாம் ரெடி."

ஷெஃபின் என்னைப் பார்த்தார். "நீ எதற்கு நிற்கிறாய்?" என்று ஜெர்மனில் கேட்டார். தெரிந்தவர் என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

முதலாளி சிரித்தார். "முன்னால எவனோ ஒரு காட்டாள் போவான். அவன் பேரு யாருக்குடா தெரியும்? இதெல்லாம் ஒரு கேள்வியா?"

ஷெஃபின் பென்சிலோடு காத்திருந்தார். நான் ஜெர்மனில் சொன்னேன்: "சடையன்."

இது பொய்யா என்று பல வருஷம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். பெயர் சரிதான். சொன்னது முதலாளி இல்லை. எங்கள் ஊர் மனிதர் இந்த அம்மாள் முன்னால் அற்பமாகத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஷெஃபின் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. "போவதற்கு முன்பே பெயர் சொன்ன முதல் ஆள்" என்றார். எழுத்துக் கூட்டச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டார். முதலாளிக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

கல்குவாரிக்குப் போனோம். நானூற்று ஐம்பத்தெட்டு. முதல் தோட்டாவுக்கே முதலாளி ஓர் அடி பின்னால் போனார். இரண்டாவது இலக்குக்குக் கீழே மண்ணில் பட்டது. தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "கண்ணை மூடுகிறார்," என்று ஷெஃபின் என் பக்கம் முணுமுணுத்தார். "தன் ஆளின் பெயர் தெரிந்த மனிதர், பாவம். ஒன்பது புள்ளி மூன்று கொடுத்து அனுப்பலாம்." அவர் கை இடப் பைக்குப் போனது.

தோட்டாவைப் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாதி மூச்சை விட்டுவிட்டு மெதுவாக அழுத்தச் சொல்."

முதலாளியின் கழுத்தில் வேர்வை வழிந்ததை நான் பார்த்தேன். லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று கும்பிட்ட மனிதர். இன்னும் அரை நிமிஷத்தில் இந்தக் குள்ளமான அம்மாள் முன்னால், என் முன்னால், வாத்துபோலக் குனியப்போகிறார். அதைப் பார்த்தவனாக நான் இருக்கப்போகிறேன். அப்பா அந்த லயத்தில் இருக்கிறார். இதையெல்லாம் அப்போது வரிசையாக நினைத்தேனா என்று தெரியாது. அவர் என்னை மிரட்டவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அதை நான் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"பாதி மூச்ச விட்டுட்டு மெதுவா அழுத்துங்க முதலாளி," என்றேன். அதே குரலில், அதே வேகத்தில், தொடர்ந்து சொன்னேன்: "இதுல மருந்து இல்லீங்க. வெடிக்காது. சும்மா அசையாம அழுத்துங்க."

'டிக்.'

குழல் அசையவில்லை. இமை அசையவில்லை. கல்லில் செதுக்கியதுபோல நின்றார்.

 ஷெஃபின் முதலாளி அருகே போய்க் கையை நீட்டினார். "மன்னிக்க வேண்டும், உங்களைக் குறைவாக நினைத்துவிட்டேன். தூரத்துப் பயணம், கை சோர்ந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை." அதை நான் மொழிபெயர்த்தேன். முதலாளி அவர் கையைக் குலுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்று மத்தியானம் அவர் தங்கியிருந்த ஓட்டலில் என்னை எதிரில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். "சமத்துடா நீ. படிச்சது வீண் போகல" என்றார். அவருக்கு எதிரே நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. பயத்தில் செய்தேன் என்றால் யாராவது மன்னிப்பார்கள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து அப்பாவிடமிருந்து நீலக் கடிதம் வந்தது. கிளார்க்கின் கையெழுத்து. அம்மாவின் முட்டிவலி, மழை, தங்கைக்கு வரன் என்று எழுதிவிட்டுக் கீழே: "சடையன் தவறிவிட்டான். முதலாளியின் புதுத் துப்பாக்கிக் குண்டு காட்டெருமைக்குத் தாழ்வாகப் பட்டு முன்காலை ஒடித்ததாம். அது புதருக்குள் போய்விட்டது. இவன் தடம் பார்த்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறான். உனக்குத் தெரியப்படுத்தச் சொன்னேன்."

தாழ்வாக. அந்தச் சொல்லைக் கிளார்க் எழுதாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்கு முதலாளியின் கடிதம் வந்தது. பெரிய துப்பாக்கி வாங்கியவர்கள் ஒரு பருவம் கழித்து எழுத வேண்டும் என்று ஷெஃபின் எல்லோரிடமும் கேட்டு வைப்பார். சனிக்கிழமை காலை என் கையில் கொடுத்தார். நான் ஒரு வரி விடாமல் ஜெர்மனில் படித்தேன். துப்பாக்கி அருமையாக வேலை செய்தது. இரண்டு காட்டெருமை. துரதிர்ஷ்டவசமாக என் ஆட்களில் ஒருவனை இழக்க நேர்ந்தது. உங்கள் அன்புக்கு நன்றி.

அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். என் இடப்பக்கம் வந்து நின்றார்.

"சடையன்?"

"ஆமாம்."

"கடிதத்தில் பெயர் இல்லையே."

"அப்பா எழுதியிருந்தார்."

"அப்பாவுக்கு அவரைத் தெரியுமா?"

"எனக்கும் தெரியும்," என்றேன். "என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. முக்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். அவர் நின்றுகொண்டே இருந்தார். என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையில் எண்ணெய் வாசனை.

"இருபது வருஷமாக இமையைப் பார்க்கிறேன்," என்றார். "அன்று தவறாகப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு தோட்டாவிலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கொடுத்தேன். அந்த மனிதர் பெயர் சொன்னார் என்று மயங்கிவிட்டேன். உன்னுடைய ஆளைக் கொன்றது நான். என்னை மன்னிப்பாயா?"

"மன்னித்துவிட்டேன், ஷெஃபின்," என்றேன்.

ஆம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நானும் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனபோது சுவரில் பெரிய துப்பாக்கிகள் இருந்த இடம் காலியாக இருந்தது. நானூற்று ஐம்பத்தெட்டு இல்லை, அதற்கு அடுத்தது இல்லை, ஒன்பது புள்ளி மூன்றும் இல்லை. மொத்தமாக வேறொரு கடைக்குக் கொடுத்துவிட்டாராம். மிச்சம் இருந்தவை மான் துப்பாக்கி, தூண்டில், மழைக்கோட்டு. ஆப்பிரிக்கா போகிறவர்கள் வந்தால், "என் கண் கெட்டுவிட்டது, வேறு இடம் பாருங்கள்" என்பார். அவர் கண் நன்றாகத்தான் இருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அதைச் சொல்வார். ஏப்ரனின் இடப் பை தட்டையாகிவிட்டது. நான் படிப்பு முடிந்து கிளம்பும்வரை இன்னும் இரண்டு வருஷம் அந்தக் கடையில் வேலை பார்த்தேன். இன்ஜினியர் ஐயா என்று அவர் கேலி செய்வது மட்டும் நின்றுபோயிருந்தது. என் பெயரைச் சொல்லி அழைத்தார், மிகவும் கவனமாக, எழுத்து எழுத்தாக.

இப்போது மியூனிக்கில் வேலை. ரயிலில் போனால் மூன்று மணி நேரம்தான், ஒருமுறையும் போனதில்லை. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அட்டை வருகிறது. பென்சில் எழுத்து. உடம்பு பற்றி ஒரு வரி, பனி பற்றி ஒரு வரி. கடைசி வரி மட்டும் ஏழு வருஷமாக மாறவில்லை. "அந்த மனிதரின் இமை ஏன் அசையவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீயும் அங்கேதான் நின்றாய். உனக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் எழுது."

இந்த வருஷ அட்டையும் வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன். ஞாபகம் வந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன், இடப் பை, வேர்வை, நான் சொன்ன மூன்று வாக்கியம் எல்லாவற்றையும். இவ்வளவு பக்கம் ஆகும் என்று நினைக்கவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. இதையும் அன்றுபோலவே அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருக்குத் தெரியாத மொழியில்தான் சொல்லியிருக்கிறேன்.